மே மாத வெயிலில் எலிஃபண்டா போகலாமா?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியும். கடலூரிலிருந்து மே இரண்டாம் வாரம் மும்பையில் நாத்தனார் வீட்டுக்குப் போகிறீர்கள். கூட வருவது கணவர், 13 வயதுப் பெண், 8 வயதுப் பையன், மூட்டுவலி உள்ள மாமியார். எல்லோரும் சேர்ந்து வெளியே போக ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது. நாத்தனார் எலிஃபண்டா தீவுக்குப் போகலாம் என்கிறார். அவர் வீட்டுக்காரரோ, "அந்த வெயில்ல ஒரு மணி நேரம் படகுல போய் உடைஞ்ச சிலையைப் பார்க்கணுமா?" என்கிறார். படகு நேரம், டிக்கெட், படிக்கட்டு என்றுதான் விவரம் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், "சிதம்பரத்தையும் மாமல்லபுரத்தையும் பக்கத்திலேயே வைத்திருக்கிற நமக்கு அங்கே புதிதாக என்ன இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறீர்களே, உண்மையான கேள்வி அதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் புதுச்சேரியில் பல வருடம் மாணவர்களுக்குச் சிற்பம் கற்றுக்கொடுத்தவன். மும்பை தாதருக்குப் போகும் ரயிலில் மாணவர்களை ஏற்றிக்கொண்டு போய் எலிஃபண்டாவைக் காட்டுவது எங்கள் பாடத்தில் ஒரு பகுதி. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: போங்கள். ஆனால் தீவைச் சுற்றிப் பார்க்கப் போகிறோம் என்று நினைத்துப் போகாதீர்கள். அங்கே பாறையைக் குடைந்து செய்த சிவன் குகைக்கோயிலாக ஒரு மண்டபம் இருக்கிறது, அதில் இரண்டு மணி நேரம் இருக்கப் போகிறோம் என்று நினைத்துப் போங்கள். மே மாதத்தில் எலிஃபண்டா போய்விட்டு வந்து புலம்புகிறவர்களில் பெரும்பாலோர் குகையில் இருபது நிமிடமும், மற்ற நேரமெல்லாம் வெயிலிலும் கடைத்தெருவிலும் கழித்தவர்கள்.

நடைமுறை விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். திங்கட்கிழமை குகை மூடியிருக்கும், இதில் மாற்றமில்லை. மற்ற நாட்களில் கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து காலை 9 மணி வாக்கில் படகு ஓடத் தொடங்கும். தூரம் சுமார் 10 கிலோமீட்டர்தான் என்றாலும் படகு மெதுவாகப் போகும், ஒரு மணி நேரம் ஆகிவிடும். போக வர ஒரே டிக்கெட்டாகத் தருவார்கள், திரும்பும்போது அந்தச் சீட்டைக் கேட்பார்கள். அதைப் பையனிடம் கொடுத்து வைக்காதீர்கள். படகுக் கட்டணம் அவ்வப்போது ஏறுகிறது, அதனால் தொகை சொல்லவில்லை. குகைக்கு நுழைவுக் கட்டணம் நம் நாட்டவருக்கு 40 ரூபாய், 15 வயதுக்குக் கீழே இலவசம். கிராமப் பஞ்சாயத்தும் தனியாக ஒரு சின்னத் தொகை வாங்கும். முதல் படகையோ இரண்டாவது படகையோ பிடித்துவிடுங்கள். மே மாதத்தில் 11 மணிப் படகில் ஏறுவதாக இருந்தால் போகாமலே இருந்துவிடலாம் என்பேன். நடுவெயிலில் போய் இறங்கினால் குகைக்குள் போகும்போதே எல்லோரும் சோர்ந்திருப்பார்கள்.

மாமியாரைப் பற்றிக் கேட்டீர்கள். எல்லோரும் குகைக்கு ஏறும் அந்த 120 படிகளைச் சொல்லித்தான் பயமுறுத்துவார்கள். என் அனுபவத்தில் முட்டிக்குக் கஷ்டம் தருவது படியல்ல, படகில் ஏறுவதும் இறங்குவதும்தான். கேட்வேயில் கல்படி ஈரமாக, வழுக்கலாக இருக்கும். அலைக்குப் படகு மேலும் கீழும் ஆடும். சில நேரம் கரையோரம் நிற்கும் ஒரு படகில் கால் வைத்து, அதைக் கடந்து அடுத்த படகுக்குப் போகவேண்டும். படகுக்காரர்கள் கை கொடுப்பார்கள், கூச்சப்படாமல் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொள்ளட்டும், ரப்பர் அடிச் செருப்புப் போடட்டும். தீவில் இறங்கியபின் நீளமான படகுத்துறையைக் கடக்கச் சின்ன ரயில் ஒன்று ஓடுகிறது. பையனுக்கு அதுவே பெரிய சந்தோஷம். படிக்கட்டுக்கு டோலி உண்டு. நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேர் தூக்கிக்கொண்டு போவார்கள். ஏறுவதற்கு முன்னாலேயே, ஏற மட்டுமா, இறங்கவும் சேர்த்தா என்று கேட்டுக் கூலியைப் பேசி முடியுங்கள். படிகளின் இருபக்கமும் கடைகள், மேலே பிளாஸ்டிக் துணி கட்டியிருப்பார்கள். பார்க்க அசிங்கம்தான், ஆனால் மே மாதத்தில் அந்த நிழலுக்குக் கும்பிடு போடத் தோன்றும். மெதுவாக, பத்துப் படிக்கு ஒரு கடையை வேடிக்கை பார்த்தபடி ஏறினால் பல முதியவர்கள் டோலி இல்லாமலே ஏறிவிடுகிறார்கள். அவருடைய முட்டி எவ்வளவு தாங்கும் என்பதை அவருடைய டாக்டர்தான் சொல்லவேண்டும், நான் சொல்லக் கூடாது.

படகுப் பாதுகாப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். 2024 டிசம்பர் 18 அன்று இந்தத் தடத்தில்தான் எஞ்சின் சோதனையில் இருந்த ஒரு கடற்படை வேகப்படகு பயணிகள் படகில் மோதிப் பலர் இறந்தார்கள். அதற்குப்பின் லைஃப் ஜாக்கெட் விஷயத்தில் கண்டிப்பு கூடியது. ஜாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்காராமல் மாட்டிக் கொக்கி போடவேண்டும், பையனுக்கு அவன் அளவில் கேட்டு வாங்கவேண்டும். மேல்தட்டில் காற்று வரும் என்று கூடுதல் காசு வாங்கிக்கொண்டு ஏற்றுவார்கள். மே மாதத்தில் கீழேயே நிழலில் உட்காருங்கள். குளிர்காலத்தில் போனவர்கள் காட்டும் போட்டோக்களில் படகைச் சுற்றிக் கடற்காக்கைகள் பறக்கும். அவை வலசை வரும் பறவைகள், கோடையில் இருக்காது. பிள்ளைகளிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், ஏமாற வேண்டாம்.

வெயிலைப் பொறுத்தவரை ஒரு கணக்கு. நம் கடலூரில் ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் நண்பகலில் சூரியன் சரியாகத் தலைக்கு மேலே வரும், நிழலே காலடியில் ஒடுங்கிவிடும். மும்பைக்கு அந்த நாள் மே மாத நடுவில் வருகிறது, ஏறத்தாழ நீங்கள் போகும் சமயம். தெர்மாமீட்டரில் நம் ஊர் கத்திரி வெயிலைவிட அங்கே சூடு குறைவாகத்தான் காட்டும், 33, 34 டிகிரி. ஆனால் காற்றில் ஈரம் அதிகம், வேர்வை காயாது. கடலூர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. தண்ணீர் வீட்டிலிருந்தே நிறைய எடுத்துப் போங்கள். புளிசாதமோ எலுமிச்சைச் சாதமோ கட்டிக்கொண்டு போவதும் நல்ல யோசனைதான், குரங்கைச் சமாளிக்கத் தெரிந்தால். தீவுக் குரங்குகளுக்குப் பிளாஸ்டிக் பை சத்தம் கேட்டால் போதும். கையில் பாட்டிலைத் தொங்கவிட்டுக்கொண்டு நடப்பவர்களிடமிருந்து பிடுங்கி, மூடியைத் திருகித் திறந்து குடிப்பதை நானே பார்த்திருக்கிறேன். எல்லாவற்றையும் ஜிப் வைத்த துணிப்பைக்குள் போட்டுவிடுங்கள். மாங்காய்ப் பத்தை, வெள்ளரிக்காய் விற்பார்கள், பிள்ளைகள் கேட்பார்கள். வாங்கினால் கடை நிழலிலேயே தின்று முடித்துவிட வேண்டும். நுங்கு வேண்டுமானால் மும்பைத் தெருக்களிலேயே அந்தப் பருவத்தில் கிடைக்கும், 'தாட்கோலா' என்று கேளுங்கள்.

சரி, இனி உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன்.

மாமல்லபுரத்துக் குகைகளைப் பார்த்திருக்கிறீர்கள். அவை அழகானவை, ஆனால் சின்னவை. வெளியே நின்று உள்ளே எட்டிப் பார்க்கிற அளவு. எலிஃபண்டாவின் பெரிய குகை அப்படியல்ல. முன்வாசலிலிருந்து பின்சுவர் வரை ஏறக்குறைய 39 மீட்டர். ஒரு மலையின் வயிற்றுக்குள் போய் நிற்கிறீர்கள். நம் பக்கத்துப் பாறை கிரானைட் வகை. உளி துள்ளும், துளித்துளியாகத்தான் பெயரும். அங்கே இருப்பது எரிமலைக் குழம்பு ஆறி இறுகிய பசால்ட். பெரிய அளவில் குடைய முடிகிறது, ஆனால் உள்ளுக்குள் விரிசல் ஓடும், மழைநீர் அந்த விரிசல் வழியே இறங்கும். குடைகிறவர்கள் கூரையிலிருந்து ஆரம்பித்துக் கீழே வருவார்கள். முதலில் முடிவது தலை, கடைசியில்தான் கால். தப்பாக வெட்டிவிட்டால் கல்லை மாற்ற முடியாது. தூண்களைக் கவனித்துப் பாருங்கள்: கீழ்ப்பாதி சதுரம், மேல்பாதி வரிவரியாகக் கடைந்தது, உச்சியில் அமுக்கிவைத்த தலையணை மாதிரி ஒரு வட்டம். எல்லாத் தூணும் ஒரே அளவில் இல்லை, வரிசையும் நூல் பிடித்தது போல இல்லை. சில தூண்கள் உடைந்துபோய்ப் பிற்காலத்தில் கட்டி நிறுத்தியவை, உற்றுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

காலத்தைப் பற்றி: ஆறாம் நூற்றாண்டின் நடுப்பகுதி என்பது இன்று பெரும்பாலான அறிஞர்கள் ஏற்கும் கருத்து. அதாவது நம் அப்பருக்கும் மகேந்திரவர்மனுக்கும் ஒன்றிரண்டு தலைமுறை முந்தியது. யார் செய்வித்தது என்பது உறுதியில்லை. தீவில் காலச்சூரி அரசன் கிருஷ்ணராஜனுடைய காசுகள் கிடைத்திருப்பதால் காலச்சூரிகள் என்று பலர் சொல்கிறார்கள். கொங்கண மௌரியர் என்போரும் உண்டு, ராஷ்டிரகூடர் காலம் என்று பிந்தித் தள்ளியவர்களும் முன்னால் இருந்தார்கள். இங்கே இருந்த ஒரு கல்வெட்டைப் போர்த்துக்கீசியர்கள் பெயர்த்துத் தங்கள் நாட்டுக்கு அனுப்பினார்கள், அது அப்புறம் காணாமல் போய்விட்டது. அது இருந்திருந்தால் சண்டையே இருக்காது. ஆகவே அங்கே எந்த கைடாவது ராஜா பெயரை அடித்துச் சொன்னால் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

அடுத்தது உடைந்த சிலைகள். உங்கள் நாத்தனார் வீட்டுக்காரர் சொன்னது பொய்யில்லை. பல சிற்பங்களுக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை, கைகள் பெரும்பாலும் போய்விட்டன. 1534-இல் குஜராத் சுல்தானிடமிருந்து இந்தப் பகுதி போர்த்துக்கீசியர் கைக்குப் போனது, அவர்களுடைய சிப்பாய்கள் சிலைகளை வைத்துச் சுட்டுப் பழகினார்கள் என்று சொல்வார்கள். அதில் உண்மை இருக்கலாம். ஆனால் எல்லாச் சேதத்தையும் அவர்கள் தலையில் போடுவதை நான் ஏற்க மாட்டேன். சேதம் கீழ்ப்பகுதியில் குவிந்திருப்பதைப் பாருங்கள். மழைக்காலத்தில் தேங்கும் தண்ணீர், உப்புக்காற்று, பாறையின் விரிசல் எல்லாம் சேர்ந்து அடிப்பகுதியை அரித்திருக்கின்றன என்பது சிற்பியாக என் ஊகம். உயரமான பீடத்துக்கு மேலே, உள்ளடங்கிய மாடத்தில் இருக்கும் சதாசிவம் என்ற பல முகச் சிவன் மட்டும் ஏறக்குறைய முழுசாகத் தப்பியிருப்பதும் அதற்கு ஒத்துப்போகிறது. முகங்கள் நிறையவே நன்றாக இருக்கின்றன, அதுதான் முக்கியம். சிவன் முகத்தை ஒரே இடத்தில் இத்தனை மனநிலையில் வேறெங்கும் பார்க்க முடியாது. சிதம்பரத்தில் நாம் ஒரு கணம் தரிசனம் பார்க்கிறோம், திரை மூடிவிடுகிறது. இங்கே பூசை இல்லை, கூட்டம் தள்ளாது. ஒரு முகத்தின் முன்னால் கால் வலிக்கும் வரை நிற்கலாம்.

எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். வடக்கு வாசல் வழியாக நுழைவீர்கள். வாசலிலேயே இரு பக்கமும் பெரிய சிற்பங்கள் இருக்கும், அங்கே நிற்க வேண்டாம், நேராக உள்ளே போங்கள். வெளியிலிருந்து வந்த கண்ணுக்கு முதலில் இருட்டுதான் தெரியும். நடுவில் ஓரிடத்தில் மாமியாரை உட்காரவைத்து, எல்லோரும் இரண்டு மூன்று நிமிடம் சும்மா இருங்கள். எதிரே தெற்குச் சுவரில், தூண்களின் இடைவெளியில், 18 அடிக்கு மேல் உயரமான மூன்று முகங்கள் மெல்லப் புலப்பட ஆரம்பிக்கும். போன உடனே மொபைலில் ஃபிளாஷ் போட்டால் இதை இழந்துவிடுவீர்கள். குகைக்கு வடக்கு, கிழக்கு, மேற்கு என்று மூன்று பக்கமும் திறப்பு இருப்பதால் வெளிச்சம் பக்கவாட்டில் வருகிறது. மே மாதத்தில் உச்சி வெயில் முற்றத்துத் தரையில் விழுந்து, எகிறி உள்ளே மங்கலாகப் பரவும். இந்தப் பருவத்தில் போவதில் உள்ள ஒரே லாபம் அதுதான் என்று சொல்லலாம்.

அந்த மூன்று முகங்களைப் பிரம்மா, விஷ்ணு, சிவன் என்று பல போஸ்ட்கார்டுகளில் போட்டிருப்பார்கள். அது தவறு என்பதில் இன்று அறிஞர்களிடையே பெரிய சண்டை இல்லை. மூன்றும் சிவனே. ஐந்து முகமுள்ள சதாசிவம், பின்புற முகமும் உச்சி முகமும் கண்ணுக்குத் தெரியாதவை. நடுமுகம் கண்மூடி, உதடு தடித்து, எதுவும் வேண்டாத அமைதியில் இருக்கிறது. உங்களுக்கு இடப்பக்கம் இருப்பது அகோரம்: வளைந்த மூக்கு, மீசை, நெரித்த புருவம், முடியில் மண்டையோடு, கையில் பாம்பு. வலப்பக்கம் வாமதேவம்: பெண்மையான முகம், சுருள் சுருளான முடி, கையில் மலர். உங்கள் பெண்ணை நடுவிலிருந்து மெதுவாக இடது ஓரத்துக்கும், பிறகு வலது ஓரத்துக்கும் நடக்கச் சொல்லுங்கள். நடுமுகத்தின் பாவமே மாறுவது போலத் தெரியும். கல் மாறவில்லை, உதட்டோரத்தில் விழும் நிழல் மாறுகிறது. உதட்டை அந்த அளவுக்குத் தடிக்கவிட்டதே அந்த நிழலுக்காகத்தான் என்று மாணவர்களுக்குச் சொல்வேன்.

சதாசிவத்துக்கு இடப்பக்கம், அதாவது கிழக்கே, அர்த்தநாரீசுவரர். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், அதனால் கொஞ்சம் அதிகம் பேசுவேன். ஆண் பாதியின் கை நந்தியின் மேல் சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்வுதான் முழுச் சிற்பத்தையும் வைத்திருக்கிறது. உடம்பின் பாரம் அந்தப் பக்கம் இறங்குகிறது, பெண் பாதியின் இடுப்பு அதற்கு எதிர்ப்பக்கம் வெளியே தள்ளுகிறது. ஒரு பாதி ஆண், ஒரு பாதி பெண் என்று நடுவில் கோடு போட்டு ஒட்டவைத்திருந்தால் பொம்மையாகியிருக்கும். இங்கே ஒரே ஆள் நின்று இளைப்பாறுவது போல இருக்கிறது. பெண் பக்கத்து மேல்கையில் ஒரு கண்ணாடி. காதணி இரண்டு பக்கமும் வேறு வேறு. மகுடத்தின் இரண்டு பாதியும் வேறு. சுற்றிலும் மேலே பிரம்மா, யானைமேல் இந்திரன், கருடன்மேல் விஷ்ணு என்று தேவர்கள் கூட்டம். பையனுக்கு இங்கே ஒரு வேலை கொடுங்கள்: எத்தனை மிருகம், எத்தனை பறவை இருக்கிறது என்று கண்டுபிடிக்கட்டும். மாடு, யானை, அன்னம், கருடன் என்று அவன் தேடுகிற நேரத்தில் நீங்கள் நிம்மதியாகப் பார்க்கலாம்.

சதாசிவத்துக்கு வலப்பக்கம் கங்காதரர். காலடியில் பகீரதன் மண்டியிட்டிருக்கிறான், உச்சியில் கங்கை மூன்று தலையோடு இறங்குகிறாள், பக்கத்தில் பார்வதி. தன் புருஷன் தலையில் இன்னொருத்தி வந்து இறங்குவதைப் பார்த்து நிற்கும் பார்வதியின் நிற்பைக் கவனியுங்கள். உங்கள் மாமியாருக்கு விளக்கமே தேவைப்படாது.

அங்கிருந்து வலமாகவே வாருங்கள், கோயிலில் பிராகாரம் சுற்றுவது மாதிரி. மேற்குப் பகுதியில் நான்கு வாசலுள்ள லிங்கக் கருவறை, வாசலுக்கு இருபுறமும் மாபெரும் துவாரபாலகர்கள். அதை ஒட்டித் தென்மேற்கில் கல்யாணசுந்தரர்: பார்வதி சிவனுக்கு வலப்புறம் நிற்கிறாள், தகப்பன் தாரைவார்க்க அழைத்துவருகிறான், பிரம்மா புரோகிதம் செய்கிறார். இன்னும் மனைவியாகவில்லை, அதனால் வலப்பக்கம் நிற்கிறாள் என்பது வழக்கமான விளக்கம். வடமேற்கில் அந்தகாசுரனை வதைக்கும் சிவன். கோபத்தில் பல் தெரிகிறது, ஒரு கையில் வாள், இன்னொன்றில் சிந்தும் ரத்தத்தை ஏந்தக் கிண்ணம். இந்தக் கதை நடந்ததாக நம் மரபு சொல்வது திருக்கோவலூரில், உங்கள் ஊரிலிருந்து எட்டும் தூரத்தில். திரிபுரம் எரித்த திருவதிகையும் அதே அட்டவீரட்டானத்தில், அதாவது சிவனின் வீரச்செயல்களுக்கான எட்டுத் தலங்களில் ஒன்று, அது உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறது. மும்பைத் தீவில் நிற்கும் சிவன் நமக்கு அந்நியமில்லை என்பதற்காகச் சொல்கிறேன். பம்பாய்வாசிகளைவிட, திருவதிகைக்கு வருஷம் ஒருமுறை போகும் உங்கள் மாமியார் அந்தச் சுவர்களை அதிகம் படிப்பார்.

இப்போது வடக்கு வாசலுக்குத் திரும்பி வந்திருப்பீர்கள். வாசலுக்கு மேற்கே நடராசர். சிதம்பரத்தை நினைத்துக்கொண்டு பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும்: திருவாசி இல்லை, முயலகன் இல்லை, தூக்கிய திருவடி இல்லை, கால்களே உடைந்துவிட்டன. ஆனால் இது நம் ஆனந்த தாண்டவச் செப்புத்திருமேனி முழு வடிவம் பெறுவதற்கு நான்கு நூற்றாண்டுக்கு முந்திய ஆட்டம். மிஞ்சியிருக்கும் மார்பையும் தோளையும் மட்டும் பாருங்கள், இல்லாத கால் எந்தப் பக்கம் இருந்திருக்கும் என்று உடம்பே சொல்கிறது. பரதநாட்டியம் கற்கும் பிள்ளைகள் இதைச் சட்டென்று பிடித்துவிடுவார்கள். எதிர்ப்பக்கம் தாமரைமேல் யோகத்தில் இருக்கும் சிவன். இவரைப் பாசுபத சைவத்தின் ஆசான் லகுலீசர் என்று சிலர் சொல்கிறார்கள், சிலர் ஒத்துக்கொள்வதில்லை. முதல் பார்வைக்குப் புத்தர் என்றே தோன்றும்.

கிழக்கே மிச்சமிருப்பவை கயிலையை அசைக்கும் இராவணனும், கயிலையில் அமர்ந்திருக்கும் சிவ பார்வதியும். இரண்டுமே நிறையச் சிதைந்தவை. ஆனாலும் சம்பந்தர் பதிகங்களில் எட்டாவது பாட்டில் வழக்கமாக வரும் இராவணன் கதையை மாமியார் பேரனுக்குச் சொல்ல இது நல்ல இடம். காலையில் கிழக்கு முற்றத்து வெளிச்சம் இந்தப் பக்கம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்.

இத்தோடு போதும். மற்ற குகைகள் முடிக்கப்படாதவை அல்லது சிதைந்தவை, எட்டிப் பார்த்தால் போதும். பீரங்கி இருக்கும் குன்றுக்கு மேலே ஏறினால் துறைமுகம் நன்றாகத் தெரியும், ஆனால் மே மாதத்தில் பிள்ளைகளோடு அது வேண்டாத வேலை. பகல் 1 மணிக்குள் கீழே இறங்கத் தொடங்கிவிடுங்கள். இறங்கும் வழியில், இங்கே கடை வைத்திருக்கும் தீவுக் குடும்பங்களுக்குக் கடலடிக் கேபிள் வழியாக நிரந்தர மின்சாரம் வந்ததே 2018-இல்தான் என்று உங்கள் பெண்ணுக்குச் சொல்லுங்கள். எதிர்க்கரையில் மும்பையின் விளக்குகளைப் பார்த்துக்கொண்டே அத்தனை வருடம் ஜெனரேட்டரில் இருந்தவர்கள்.

கைடு வைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தொல்லியல் துறை அடையாள அட்டை உள்ளவராக இருந்தால் வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஹிந்தியிலோ ஆங்கிலத்திலோ வேகமாகச் சொல்லி அரை மணியில் முடித்துவிடுவார், மாமியாருக்கு ஒன்றும் எட்டாது. அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. கிளம்புவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் விழுப்புரத்திலிருந்து செஞ்சி போகும் பக்கம் இருக்கும் மண்டகப்பட்டுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் இதைச் செய்வித்தேன் என்று மகேந்திரவர்மன் கல்வெட்டில் சொல்லிக்கொள்கிற குகை அது. இரண்டு தூண், இரு ஓரமும் இரண்டு துவாரபாலகர்கள், உள்ளே மூன்று வெறும் அறை, அவ்வளவுதான். அருகிலேயே தளவானூர் குகையும் இருக்கிறது. சின்னதை முதலில் பார்த்த பிள்ளைக்குத்தான் பெரியதன் அளவு உறைக்கும். மாணவர்களுக்கும் நான் இந்த வரிசையில்தான் காட்டுவேன்.

கடைசியாக, போக முடியாமல் போனால் என்ன செய்வது. மும்பையில் பருவமழை வழக்கமாக ஜூன் இரண்டாம் வாரத்தில் இறங்கும், மே கடைசியிலேயே கடல் கொந்தளிக்க ஆரம்பித்தால் படகை நிறுத்திவிடுவார்கள். உங்கள் நாள் தள்ளிப்போனாலோ, அந்த ஒரு நாள் திங்கட்கிழமையாக அமைந்துவிட்டாலோ, கேட்வேயிலிருந்து நடக்கும் தூரத்தில் சத்ரபதி சிவாஜி மகாராஜ் அருங்காட்சியகம் இருக்கிறது. எலிஃபண்டாவிலிருந்து வந்த சில சிற்பங்களும் அங்கே உண்டு, வெயிலும் படாது. தீவுக்கு அந்தப் பெயர் வரக் காரணமான கல் யானையும் இப்போது தீவில் இல்லை. 1864-இல் ஆங்கிலேயர்கள் அதைத் தூக்கிக்கொண்டு போகப் பார்த்து, கீழே போட்டு உடைத்தார்கள். துண்டுகளைச் சேர்த்து ஒட்டிய அந்த யானை மும்பையின் பைகுல்லா பகுதியில் ஜிஜாமாதா உத்யானம் என்ற பூங்காவை ஒட்டிய பாவ் தாஜி லாட் அருங்காட்சியகத் தோட்டத்தில் நிற்கிறது. அந்த அருங்காட்சியகத்துக்கு விடுமுறை புதன்கிழமை.